எஃப்-ஒன் அமுக்கினால்தான் வரும்

"என் மெட்டைத் திருடிட்டாங்க."

வந்தவர் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். உட்கார்ந்த பிறகு பாடியும் காட்டினார்.

"டிங் டிடிங், டிங் டிடிங், டைங்..."

"டைங் டைங்," என்று முடித்து வைத்தான் தனசிங்.

அம்மணி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது அம்மணியின் துப்பறியும் அலுவலகம். ஒரு மேஜை, மூன்று நாற்காலிகள், ஓர் உதவியாளன். உதவியாளன் தனசிங் இதற்கு முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவன். இப்போதும் யார் வந்து உட்கார்ந்தாலும் "கொஞ்சம் உள்ள தள்ளி குந்துங்க சார்" என்பான்.

"உனக்கு எப்படித் தெரியும் இந்த மெட்டு?" என்றாள் அம்மணி.

"அக்கா, இது மல்லிப்பூ மாவு வண்டி பாட்டு. சாயங்காலம் ஆனா சேலையூர்லேர்ந்து குரோம்பேட்டை வரைக்கும் இத்த கேக்காத காதே கிடையாது. எங்க வூட்டு பூனை இத்த கேட்டா தட்டு கிட்ட போய் நிக்குது."

"அந்தப் பாட்டை நான்தான் போட்டேன்," என்றார் வந்தவர்.

அவர் பெயர் பக்தவச்சலம். சிட்லபாக்கத்தில் வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கீபோர்டு வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறார். மெல்லிய குரல், மடிப்புக் கலையாத சட்டை.

"2011ல போட்டது மேடம். சிடியில பதிஞ்சு ஏசுபாதத்துக்கிட்ட கொடுத்தேன். ஒரே மெல்லிசைக் குழுவில வாசிச்சவங்க நாங்க. கேட்டுட்டு அபிப்பிராயம் சொல்லுன்னு கொடுத்தேன்."

"சொன்னாரா?"

"இப்பத்தான் சொல்றான். வண்டி மேல ஏறி."

தனசிங்குக்குச் சிரிப்பு வந்தது. அம்மணி பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டான்.

பக்தவச்சலம் மாவுக் கம்பெனி முதலாளி லக்ஷ்மிநாராயணனிடம் போய் முறையிட்டிருக்கிறார். முதலாளி ஏசுபாதத்தைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஏசுபாதம் அந்தச் சிடியையே தன்னுடையது என்று லேப்டாப்பில் போட்டுக் காட்டியிருக்கிறார். மெட்டு இருந்த ஃபைலின் தேதி: 2002 ஜனவரி 1, இரவு பன்னிரண்டு நாற்பது.

"நான் கம்ப்யூட்டர் வாங்கினதே 2006ல," என்றார் பக்தவச்சலம். "அதனால இப்ப நான்தான் திருடன். கிளாஸுக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதி நின்னுட்டாங்க. நேத்து ஒரு அம்மா வாசல்லயே வச்சு, 'அடுத்தவங்க பாட்டைச் சொல்லிக்கொடுக்கிறவர்கிட்ட எதுக்கு?'ன்னு பையனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு வண்டியில இசைன்னு போட்டு ஏசுபாதம் பேரை எழுதப் போறாங்க. பெயிண்டர் வந்தாச்சு. அதுக்குள்ள ஆதாரம் இருந்தா கொண்டாங்கன்னு முதலாளி சொல்லிட்டார்."

"நீங்க பதிஞ்ச கம்ப்யூட்டர் எங்கே?"

"போகிக்குப் போயிடுச்சு."

"எரிச்சீங்களா?" என்றான் தனசிங்.

"ஐயோ, இல்ல. என் சம்சாரம் காமு பழைய இரும்புக்காரர்கிட்ட போட்டுட்டா. அவளைத் தப்பு சொல்ல முடியாது. ஆன் பண்ணா கறுப்பா ஒரு திரை வரும். எஃப்-ஒன் அமுக்கினாத்தான் உள்ளேயே போகும். அதுக்கப்புறம் காபி போட்டுக் குடிச்சு டம்ளரைக் கழுவிட்டு வரலாம்."

"எஃப்-ஒன் எப்பவாவது அமுக்கணுமா, எப்பவுமா?"

"எப்பவும்தான். எல்லாக் கம்ப்யூட்டரும் அப்படித்தானே?"

அம்மணி அதைக் குறித்துக்கொண்டாள். "வேலை முடிஞ்சதும் என்ன பண்ணுவீங்க?"

"சுவத்துல ப்ளக்கை அணைச்சிடுவோம். டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சுவத்துல அணைச்சாத்தான் காமுவுக்குத் தூக்கமே வரும்."

"ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைப்பீங்களா?"

"வைக்காம? பவர் பட்டன் மேல பெரிசா வைப்பா. சந்தனம் குழைச்சு, மேல குங்குமம். மறு வருஷம் வரைக்கும் கை சிவக்கும்."

அம்மணி எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை, தனசிங். உன் ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா?"

"பெட்ரோல் கீதுக்கா. ப்ரேக்குதான் யோசனை."

*

பழைய இரும்புக்காரர் கடையிலேயே இருந்தார். கம்ப்யூட்டர், டிவி, ரேடியோ எல்லாம் பல்லாவரம் சந்தைக்குப் போய்விடும் என்றார். யார் வாங்கினார்கள் என்று கேட்டதற்கு மேலே கை காட்டினார். கடவுளுக்குத்தான் தெரியுமாம்.

வெள்ளிக்கிழமைச் சந்தை வெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. தொட்டி மீன், ரோஜாச் செடி, ஒற்றைச் செருப்பு, ஃபேன் இறக்கை, கால் போன சோபா. தனசிங் புறாக் கூண்டு ஒன்றின் முன்னால் நின்றுவிட்டான். அம்மணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

கம்ப்யூட்டர் விற்கும் இடத்தில் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் ஒரே மாதிரி. எதிலும் பொட்டு இல்லை.

"பேஜார்க்கா. இதுல எதுன்னு எப்டி கண்டுபுடிக்கிறது?"

"பெட்டியை விடு. கீபோர்டைத் தேடு."

பக்கத்தில் கீபோர்டுகள் வைக்கோல்போர் மாதிரி குவிந்து கிடந்தன.

"எந்தக் கீபோர்டு?"

"யோசி. பக்தவச்சலம் கட்டுரையா எழுதினார்? எழுத்தெல்லாம் புதுசா இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு கட்டையை மட்டும் அமுக்கியிருக்கார்."

தனசிங்கின் முகம் மலர்ந்தது. குவியலுக்குள் கையை விட்டான். இரண்டு நிமிடம் கழித்து ஒரு கீபோர்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான். ஏ முதல் இஸட் வரை நேற்று அச்சடித்த மாதிரி இருந்தன. எஃப்-ஒன் கட்டை மட்டும் எழுத்தே இல்லாமல் வழுக்கையாக இருந்தது.

"அக்கா! எங்க மாமா தலை மாரியே கீது!"

கடைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "இன்னாய்யா, வாங்கப் போறியா, கிச்சுகிச்சு மூட்டிகினு கீறியா?"

"இதோட வந்த பெட்டி எங்கம்மா?" என்றாள் அம்மணி.

"அதுவா? நெத்தில பொட்டு வச்சுகினு இருந்துச்சே, அதானே? போன வாரமே பூட்ச்சு. கூடுவாஞ்சேரி டைப்பு டீச்சரு வாங்கிகினு போச்சு. வாரா வாரம் வரும். செத்த பெட்டியா பாத்து வாங்கும். உயிர் குடுத்துருவேன்னு சொல்லும். நான் கூட மொதல்ல மந்திரிக்கிற பொண்ணோன்னு நெனச்சேன்."

"கீபோர்டை ஏன் விட்டுட்டாங்க?"

"அது கைல நெறைய கீதாம்."

தனசிங் போனில் தேடினான். கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் அருகில் 'ரேஷ்மா டைப்ரைட்டிங் அண்ட் கம்ப்யூட்டர் சென்டர்' என்று ஒன்று இருந்தது. போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"உயிர் கொடுக்கிறதுன்னா என்ன அர்த்தம் தெரியுமா?" என்றாள் அம்மணி, நடந்துகொண்டே. "பழசை அழிச்சிட்டுப் புதுசைப் போடுறது. அழிச்சா பக்தவச்சலத்தோட மெட்டும் போயிடும்."

அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டரை ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டு, புறப்பட்டுக்கொண்டிருந்த செங்கல்பட்டு ரயிலில் தொற்றினார்கள். கீபோர்டு தனசிங்கின் அக்குளில் இருந்தது. மூச்சு வாங்கியபடி அவன் கேட்டான்: "இத்துக்கும் டிக்கெட் எடுக்கணுமாக்கா?"

*

சென்டரின் வாசலிலேயே ஓர் இளம்பெண் பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் சின்னச் சிலுவை. அம்மணி அவள் வலது கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் நுனி சிவந்திருந்தது.

"நீங்க ரேஷ்மா. காலையிலயே அந்த மெஷினை ஆன் பண்ணிட்டீங்க, இல்லையா?"

ரேஷ்மா குழாயை மூட மறந்தாள். "எப்படித் தெரியும்?"

"உங்க விரல்ல காமு வச்ச குங்குமம் இருக்கு."

உள்ளே டைப்ரைட்டர்கள் இருந்த மேஜைகளில் இப்போது கறுப்புப் பெட்டிகள் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் பொட்டு. அதன் திரையில் நீல வானமும் கீழே ஒரு மெல்லிய பட்டையும் தெரிந்தன. ரேஷ்மா பெருமையோடு ஒரு படத்தைச் சொடுக்கினாள். சட்டென்று திறந்தது.

"விண்டோஸ்ல முக்கி முனகிட்டு இருந்தது அக்கா. மெமரி ரொம்பக் கம்மி. இப்ப லினக்ஸ்ல எடை குறைஞ்ச ஒண்ணைப் போட்டிருக்கேன். பென் டிரைவ்ல ஏத்தி, அதிலேர்ந்து உள்ள இறக்கிட்டேன். மெஷினுக்கு ஒண்ணும் வயசாகல. அது மேல ஏத்தின மூட்டைதான் கனம்."

"இன்னா வெலை?" என்றான் தனசிங்.

"இலவசம்."

"எந்த எலெக்‌ஷனுக்கு?"

"நிஜமாவே இலவசம் அண்ணா. எத்தனை மெஷின்ல வேணாலும் போடலாம், எத்தனை பேருக்கு வேணாலும் கொடுக்கலாம். யார்கிட்டயும் கேக்க வேணாம்."

"ரேஷ்மா," என்றாள் அம்மணி மெதுவாக. "பழசுல இருந்ததெல்லாம்?"

ரேஷ்மா இருவர் முகத்தையும் பார்த்தாள். அவள் சிரிப்பு நின்றது.

"காலையிலதான் அழிச்சேன். பழைய ஓனர் ஃபைல் எதையும் பாக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு கொள்கை. திறந்தே பாக்காம முழுசா துடைச்சிட்டேன். ஏன்க்கா?"

தனசிங் கீபோர்டை மேஜையில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் தலையையும் வைத்தான்.

அம்மணியின் போன் அடித்தது. பக்தவச்சலம். "கிடைச்சுதா மேடம்?" என்று கேட்டார். அம்மணி, "பெட்டி கிடைச்சிருக்கு சார்," என்றாள். அவர் மறுபக்கத்தில் அழுதேவிட்டார். அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போனை வைத்தாள்.

வெளியே வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அம்மணி திடீரென்று கேட்டாள். "இதை ஆன் பண்ணும்போது எஃப்-ஒன் அமுக்கினீங்களா?"

"ஆமாக்கா. உள்ள பட்டன் பேட்டரி ஒண்ணு இருக்கும். அது செத்துப் போச்சு. மாத்தணும். இன்னும் வாங்கல."

"சுவத்துல ப்ளக்கை அணைச்சிட்டுத் திருப்பிப் போடுங்க."

ரேஷ்மா அப்படியே செய்தாள். கறுப்புத் திரை வந்தது. எஃப்-ஒன் அமுக்கச் சொன்னது. அம்மணி, "உள்ளே போகாதீங்க. செட்டிங்ஸ் காட்டுங்க," என்றாள். நீலத் திரை வந்தது. மேலே தேதியும் நேரமும் இருந்தன. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"தனசிங், தலையைத் தூக்கு. படி."

அவன் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றையும்.

"ரெண்டாயிரத்து ரெண்டு. ஜனவரி ஒண்ணு. ராத்திரி பன்னெண்டு..." அவன் எழுந்து நின்றான். "அக்கா!"

"இன்னொரு தடவை அணைச்சிட்டுப் போடுங்க."

போட்டாள். மறுபடியும் 2002 ஜனவரி 1. நள்ளிரவு.

"அந்தப் பேட்டரிதான் கடிகாரத்தைப் பாத்துக்குது," என்றாள் அம்மணி. "அது செத்துட்டா, ப்ளக்கை அணைச்ச நொடியில மெஷின் எல்லாத்தையும் மறந்துடும். திரும்பப் போட்டா அந்த போர்டைச் செஞ்சவன் வச்ச முதல் நாளுக்குப் போயிடும். பக்தவச்சலம் வீட்டுல தினமும் ப்ளக்கை அணைச்சாங்க. அதனால தினமும் அதே புத்தாண்டு. ஏசுபாதம் காட்டின பன்னிரண்டு நாற்பது நடுராத்திரி இல்ல. ப்ளக்கைப் போட்டு நாற்பது நிமிஷம் ஆச்சுன்னு அர்த்தம்."

தனசிங் பெட்டியைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்தான். உதட்டில் குங்குமம் ஒட்டியது.

"ரேஷ்மா, இதைக் கடன் கொடுங்க. நீங்களும் வாங்க."

"பேட்டரி வாங்கி மாட்டிட்டு வரட்டுமா அக்கா?"

"தயவுசெஞ்சு வேணாம்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

*

ரயிலில் கூட்டம். பெட்டி ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தது. தனசிங் நின்றுகொண்டிருந்தான்.

"அதைத் தூக்கிக் கீழ வையுங்க சார், நான் உட்காரணும்," என்றார் டிபன் பை வைத்திருந்த ஒருவர்.

"சீனியர் சிட்டிசன் சார். கோர்ட்டுல சாட்சி சொல்லப் போவுது."

அவர் பெட்டியின் பொட்டைப் பார்த்தார். மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

*

மல்லிப்பூ மாவுக் கம்பெனி சிட்லபாக்கம் ஏரிக்குப் போகும் தெருவில் இருந்தது. உள்ளே கிரைண்டர்கள் உறுமின. முற்றத்தில் வெள்ளை வண்டி நின்றது. அதன் பக்கவாட்டில் 'இசை:' என்று எழுதியிருந்தது. அதற்கு எதிரே காலி. பெயிண்டர் தூரிகையோடு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

முதலாளி லக்ஷ்மிநாராயணன் கடிகாரத்தைப் பார்த்தார். மாவு புளிக்கும் நேரத்தை வைத்தே வாழ்ந்தவர். தாமதம் பிடிக்காது. ஒரு பக்கம் பக்தவச்சலமும் காமுவும் நின்றார்கள். இன்னொரு பக்கம் வெள்ளைச் சட்டையில் ஏசுபாதம். தெருக்காரர்களும் கூடியிருந்தார்கள். கீபோர்டு கிளாஸை விட்டு நின்ற பையனின் அம்மாவும் அதில் இருந்தார்.

"ஆதாரம் எங்கம்மா?" என்றார் முதலாளி.

"பெட்டி வந்திருக்கு சார். ஆனா உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சு போச்சு."

பக்தவச்சலம் கண்ணை மூடிக்கொண்டார். காமு அவர் கையைப் பிடித்தார். ஏசுபாதம் மேலே பார்த்து ஸ்தோத்திரம் சொன்னார். பெயிண்டர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"சார், நீங்க தனசிங் போற சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிறீங்களாமே?" என்றாள் அம்மணி ஏசுபாதத்திடம்.

"முப்பது வருஷமா வாசிக்கிறேன் சிஸ்டர்."

"நியூ இயர் மிட்நைட் சர்வீஸுக்கும் நீங்கதானா?"

"நான் இல்லாம அந்த சர்வீஸே கிடையாது. ஒரு வருஷம்கூட விட்டதில்ல. ஜுரத்தோடகூட வாசிச்சிருக்கேன்."

"ஆமாக்கா, நான் கேரண்டி," என்றான் தனசிங். "சின்ன வயசுல அந்த கீபோர்டுக்குக் கீழதான் தூங்குவேன். பன்னெண்டு அடிச்சதும் வாசிக்க ஆரம்பிப்பாரு. பாயசம் குடுக்கிற வரைக்கும் விட மாட்டாரு."

"அப்போ 2002 ஜனவரி ஒண்ணு, ராத்திரி பன்னிரண்டு நாற்பதுக்கு, ஊரே பாக்க சர்ச்சுல வாசிச்சிட்டு இருந்தீங்க. அதே நேரத்துல வீட்ல கம்ப்யூட்டர்ல இந்த மெட்டைப் பதிஞ்சிட்டும் இருந்தீங்க."

பெயிண்டர் மறுபடி டீ டம்ளரை எடுத்துக்கொண்டார்.

ஏசுபாதம் கைக்குட்டையை எடுத்தார். "அது... கம்ப்யூட்டர் கடிகாரம்தானே சிஸ்டர். தப்பா ஓடியிருக்கும்."

"அப்போ அந்தத் தேதி பொய்."

"பொய்னு இல்ல..."

"நிஜம்னா நீங்க சர்ச்சுல இல்ல. பொய்னா உங்ககிட்ட ஆதாரம் இல்ல. எது வேணும், சொல்லுங்க."

தெருவில் யாரோ விசில் அடித்தார்கள். தனசிங்தான்.

ரேஷ்மா பழைய பெட்டியை முதலாளியின் சிசிடிவி மானிட்டரில் மாட்டினாள். ப்ளக்கைப் போட்டாள். 2002 ஜனவரி 1. அணைத்தாள், போட்டாள். 2002 ஜனவரி 1. முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவரே ஒருமுறை அணைத்துப் போட்டார். குழந்தை மாதிரி இன்னொரு முறையும்.

"இது பக்தவச்சலம் சார் வீட்டுப் பெட்டி," என்றாள் அம்மணி.

"என் பெட்டியும் அப்படி இருந்திருக்கலாம்ல?" என்றார் ஏசுபாதம். குரல் இறங்கியிருந்தது. "உலகத்துல ஒரு பேட்டரிதான் செத்துச்சா?"

அது நியாயமான கேள்வி. அம்மணிக்கும் தெரியும். சிடியில் இருந்த தேதி எந்தப் பெட்டியுடையது என்று இதை வைத்து நிரூபிக்க முடியாது. அவள் ஒரு கணம் அந்தப் பெட்டியையே பார்த்தாள். பிறகு அதன் முகத்தில் இருந்த சிடி ட்ரைவைப் பார்த்தாள்.

"நீங்க காட்டின அந்தச் சிடியைக் கொடுங்க. எல்லாரும் ஒரு தடவை கேட்டுடலாம்."

"இதுல ஸ்பீக்கர் இல்லையே அக்கா," என்றாள் ரேஷ்மா.

"இன்னாம்மா இது? ஷேர் ஆட்டோல வூஃபர் மாட்டின கை கீது இங்க!" தனசிங் வயரை இழுத்து வண்டியின் கூம்பு ஸ்பீக்கரில் செருகினான்.

எஃப்-ஒன். நீல வானம் வந்தது. சிடி உள்ளே போய்ச் சுற்றியது. வண்டியின் கூரையிலிருந்து தெரு முழுவதும் மெட்டு பாய்ந்தது.

டிங் டிடிங், டிங் டிடிங், டைங். டைங் டைங்.

தெருக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். ஒரு வீட்டில் யாரோ மாவுக்குப் பாத்திரத்தோடு ஓடி வந்தார்கள். மெட்டு முடிந்தது.

"முடிஞ்சுது," என்றார் ஏசுபாதம். அவர் கை சிடி ட்ரைவின் பட்டனுக்குப் போனது.

பட்டன் அசைந்தது. ட்ரைவ் திறக்கவில்லை. மறுபடி அமுக்கினார். திறக்கவில்லை.

"படிச்சிட்டு இருக்கும்போது விடாது அங்கிள்," என்றாள் ரேஷ்மா. "லினக்ஸ் அப்படித்தான். பிடிச்சுக்கும்."

அம்மணி திரையைப் பார்த்தாள். மெட்டு முடிந்தும் நேரக்கோடு நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டே இருந்தது. "இன்னும் பாக்கி இருக்கு," என்றாள்.

ஸ்பீக்கரில் லேசான இரைச்சல். எங்கோ ஒரு ரயில் போனது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு, சிட்லபாக்கம் ஏரி வரைக்கும் கேட்கும்படி, ஒரு பெண் குரல் வந்தது.

"ஏங்க! ப்ளக்கை அணைச்சிட்டு வாங்க! தோசை ஆறுது!"

அதைத் தொடர்ந்து பக்தவச்சலத்தின் மெல்லிய குரல்: "இதோ வந்துட்டேன் காமு."

எல்லாத் தலைகளும் காமுவைப் பார்த்துத் திரும்பின.

"நான் எப்பங்க இதைப் பாடினேன்?" என்றார் காமு. அதே குரல்.

முற்றம் வெடித்தது. கிரைண்டர் போட்டிருந்தவர்கள்கூட வெளியே வந்து சிரித்தார்கள். முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தனசிங் முழங்காலிட்டுப் பெட்டியைக் கும்பிட்டான்.

"நான் பாட்டு முடிஞ்சதும் நிறுத்திடுவேன்," என்றார் பக்தவச்சலம், தனக்குத்தானே. "அதுக்கு மேல கேட்டதே இல்ல."

"நானும்தான் பக்தா," என்றார் ஏசுபாதம். கைக்குட்டையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். "இத்தனை வருஷமா வாசிச்சு வாசிச்சு, என்னுதுன்னே நம்பிட்டேன்டா."

பக்தவச்சலம் அவரைப் பார்த்தார். "நல்லா இருக்கா, சொல்லு. அதைத்தான அன்னைக்குக் கேட்டேன்."

"நல்லா இல்லாமலா திருடினேன்?"

காமுவுக்கு மட்டும் கோபம் குறையவில்லை. ஆனால் அவராலும் அதற்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பையனின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சார், திங்கட்கிழமை கிளாஸ் வழக்கமான நேரம்தானே?" என்றார், தரையைப் பார்த்தபடி. பக்தவச்சலம் தலையாட்டினார்.

"பேரைச் சொல்லுங்க சார். பெயிண்ட் காயுது," என்றார் பெயிண்டர்.

லக்ஷ்மிநாராயணன் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். அவர் முகத்தில் ஒரு வியாபாரியின் ஒளி வந்திருந்தது.

"இருங்க. அந்தக் கடைசியை இன்னொரு தடவை போடும்மா."

*

அன்று முதல் மல்லிப்பூ மாவு வண்டி முழுப் பாட்டையும் வாசிக்கிறது. அதன் பக்கவாட்டில் இரண்டு வரிகள் இருக்கின்றன.

இசை: பக்தவச்சலம்.
குரல்: காமு.

ரேஷ்மா பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்ப் புதுப் பேட்டரி மாட்டினாள். அது இப்போது சரியான தேதி காட்டுகிறது. எஃப்-ஒன் கேட்பதில்லை. பொட்டை மட்டும் அவள் துடைக்கவில்லை. அந்த வழுக்கைக் கீபோர்டு அம்மணியின் மேஜை மேல் இருக்கிறது.

சாயங்காலமானால் வண்டி சேலையூரிலிருந்து பாடிக்கொண்டு வருகிறது. டைங் டைங் முடிந்து காமு கூப்பிட்டதும், சிட்லபாக்கத்தில் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் எழுந்து போய் ப்ளக்கை அணைக்கிறார். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

"எங்க வூட்டு பூனைகூட மாறிடுச்சுக்கா," என்றான் தனசிங். "இப்பல்லாம் பாட்டுக்கு எந்திரிக்கிறதே இல்ல. காமு அம்மா சத்தம் வந்தாத்தான் தட்டு கிட்ட போவுது."